நனையாத நாலு விரல்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

நேற்று நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். மறுபடி எடுத்தால் கத்துவேன். நீயும் கத்துவாய். நடுவில் அப்பா இருமுவார். கடைசியில் இருவரும் இருமல் மருந்தைப் பற்றிப் பேசி முடித்துவிடுவோம். அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

போன ஞாயிறு இங்கே உட்கார இடமில்லை. வாலிபர்கள் மாடிப்படியில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் பிரசங்கம் கேட்டார்கள். இப்படி நிரம்பி வழிவதால்தானே உங்கள் பகுதியில் புதுச் சபை தொடங்க உன்னையும் உன் குழுவையும் அனுப்பத் தயாராகிறோம்? போதகர் மேடையில் நின்று, மார்ச் அங்கத்தினர் கூட்டத்தில் அதற்கு வாக்கெடுப்பு என்று அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என் தம்பி ஒரு சபையை நடத்தப் போகிறான் என்று பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை வாசல்வரைதான். குழாய் டீக்கன் (பிளம்பர் வேலை பார்க்கிறாரே, அவர்தான்) என்னை ஓரமாகக் கூப்பிட்டுத் தன் போனைக் காட்டினார். "செயலாளரம்மா, இது உங்க அப்பாதானே?" என்றார். உன் வீட்டுப் பின்கட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். நீ ஒரு மக்கிலிருந்து அவர் தலையில் தண்ணீர் ஊற்றுகிறாய். கீழே யாரோ 'ஞானஸ்நானம் பெற்றார்' என்று எழுதியிருக்கிறார்கள்.

நாம் பாப்டிஸ்ட் சபை, தம்பி. சபைத் தொட்டியில் மூழ்கி எழுந்தால்தான் ஞானஸ்நானம். அதையும் சபை கூடிச் சம்மதித்த பிறகுதான் கொடுப்போம். உன் வீட்டுக் குழு இன்னும் சபையே ஆகவில்லை. நீயே தீர்மானித்து, நீயே ஊற்றி, நீ அனுப்பிய புது அங்கத்தினர் பட்டியலில் அப்பா பெயரையும் சேர்த்திருக்கிறாய். நான் செயலாளர். அதைவிட, அவருக்கு மகள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையா?

கூட்டத்துக்கு முன்னால் அப்பா பெயரை எடுத்துவிடு. எடுக்காவிட்டால் உன்னை அனுப்பும் தீர்மானத்தையே கொண்டுவர விடமாட்டோம் என்கிறார்கள், சபை நிர்வாகம் பார்க்கும் டீக்கன்கள்.

அக்கா


பிப்ரவரி 14

அக்கா,

குறுக்கே பேச முடியாதுதான். ஆனால் பதில் எழுதலாமே.

அம்மா இருந்தவரை ஞாயிறுதோறும் அப்பா அவளைச் சபை வாசலில் இறக்கிவிட்டு அப்படியே திரும்பிப் போனது உனக்குத் தெரியும். "உள்ள வாங்க" என்று யாராவது கூப்பிட்டால், "வண்டி சூடா இருக்கு" என்பார். வண்டி சூடாக இருந்தால் ஏன் உள்ளே வரக்கூடாது என்று இன்றுவரை யாருக்கும் புரிந்ததில்லை. அந்த மனிதர், தொண்டை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு என் வீட்டில் வந்து தங்கி, எங்கள் வீட்டு ஜெபக் கூட்டத்தில் முதலில் அடுத்த அறையிலும், பிறகு கதவோரத்திலும், பிறகு முன் நாற்காலியிலும் உட்கார்ந்தார். யாரும் இழுக்கவில்லை. ஜனவரியில் ஒரு காலை, மூச்சு விட வைத்த கழுத்துத் துளையைப் பேசுவதற்காகக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, "எனக்கும் குடுடா" என்றார். நான் காபியைக் கேட்கிறார் என்று நினைத்தேன். "அது இல்லடா, மடையா. ஞானஸ்நானம்."

டாக்டரிடம் போனோம். அந்தத் துளையில் தண்ணீர் போனால் நேரே நுரையீரல்தான். "தொட்டி, குளம், எதுவும் கூடாது" என்றார். என் மனைவி நர்ஸ். அவள் வீட்டில் அதை இன்னும் உரக்கச் சொன்னாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? "பொறுங்கப்பா, அக்காகிட்ட அனுமதி வாங்கிட்டு வரேன்" என்றா? கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய். அது தெரிந்துதான் கேட்கவில்லை.

ஊற்றி முடித்ததும் அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டார். அதை நீ கேட்டிருந்தால் அந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டாய்.

பெயரை எடுக்க மாட்டேன். இன்னொன்றும் சொல்கிறேன். நம் வழக்கப்படி ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே தீர்மானிக்கும். நாங்கள் சபையான மறுநாளே எங்கள் அங்கத்தினர் கூடி அப்பாவைச் சேர்த்துக்கொள்ளலாம். அப்போது உன் டீக்கன்கள் என்ன செய்வார்கள்?

தம்பி


பிப்ரவரி 19

தம்பிக்கு,

மிரட்டுகிறாயா? செய். தாய்ச்சபை ஜெபித்து அனுப்பிய பிள்ளை, வீட்டை விட்டுக் காலெடுத்து வைத்ததும் முதல் வேலையாகத் தாயின் முகத்தில் கதவைச் சாத்தட்டும். பார்க்க நன்றாக இருக்கும்.

உங்கள் புதுச் சபைக்கு எடுத்த டயர் கடை மாடி ஹாலுக்கு நாற்காலி வாங்கியாகிவிட்டது. உன் குழுவில் இருக்கிற தையல்கார அக்கா தன் வீட்டையே உங்கள் பகுதிக்கு மாற்றிக்கொண்டு, பிள்ளைகளைப் புதுப் பள்ளியில் சேர்த்துவிட்டாள். உன் பிடிவாதத்தால் தீர்மானம் நின்றுபோனால் அவளுக்கு நீ என்ன பதில் சொல்வாய்?

நீ என்னைச் சட்டம் பேசுகிறவள் என்று நினைக்கிறாய். என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. என் மாமியார், குழந்தையாக இருந்தபோதே தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்த சபையில் வளர்ந்தவர். என்னோடு வந்த நாளிலிருந்து கடைசி பெஞ்சில் உட்காருகிறார். திருவிருந்து நாளில் அப்பத் தட்டு வரிசையாக வரும். அவர் கைக்கு வரும். எடுக்காமல் அடுத்தவரிடம் கொடுப்பார். எடுக்கக் கூடாது என்று சொன்னது யார்? நான்தான். "மூழ்கி ஞானஸ்நானம் எடுங்க அத்தை, அப்புறம் அப்பம் எடுத்துக்கலாம்" என்று பலமுறை கெஞ்சியிருக்கிறேன். "ஒரு தடவை குடுத்தாச்சு. கடவுள் என்ன மறதிக்காரரா?" என்பார். நானும் விட்டுக்கொடுத்ததில்லை, அவரும் விட்டுக்கொடுத்ததில்லை. அவருக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரியெல்லாம் கூட இருப்பவள் நான். தட்டு அவரைத் தாண்டிப் போகும்போது தரையைப் பார்ப்பவளும் நான்தான்.

அந்தப் போட்டோ அவர் கைக்கும் போயிருக்கிறது. செவ்வாய்க்கிழமை நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்தார். "உங்கப்பாவுக்கு ஒரு மக்குத் தண்ணி போதும்னா, எனக்குத் தெளிச்சது மட்டும் ஏம்மா பத்தல?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்கும் பிள்ளை மாதிரி கேட்டார்.

உன்னிடம் பதில் இருந்தால் எழுது. பெற்ற அப்பாவுக்கு ஒரு நியாயம், மாமியாருக்கு வேறு நியாயம் என்று நான் எப்படி வாழ்வது?

அக்கா


பிப்ரவரி 26

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போனேன். பஸ்ஸை நிறுத்தம் தாண்டி நிறுத்திவிட்டேன். ஒரு பெரியவர் ஏறும்போது, "டிரைவர் சார், நான் உங்க கண்ணுக்குத் தெரியலையா?" என்றார். நாள் முழுக்க அது காதில் ஒலித்தது. அத்தை கடைசி பெஞ்சில் இருப்பதை நானும் எத்தனையோ ஞாயிறு பார்த்திருக்கிறேன். தட்டைப் பற்றி ஒரு தடவையும் நினைத்ததில்லை. பதில் என்னிடம் இல்லை.

மிரட்டியது தப்பு. அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

உனக்குச் சொல்லாத ஒன்று உண்டு. மக்கைக் கையில் வைத்துக்கொண்டு, 'அவரோடேகூட அடக்கம்பண்ணப்பட்டு' என்று, மூழ்குவதைக் கிறிஸ்துவோடு புதைக்கப்படுவதாகச் சொல்லும் வசனத்தை ஆரம்பித்தேன். அடக்கம் என்று வாய் சொல்கிறது, கை குளிப்பாட்டுகிறது. நாக்கு தடுக்கியது. அப்பா நிமிர்ந்து பார்த்தார். அவர் 'இவ்வளவுதானா' என்று கேட்டதை உன் வாயை அடைக்க எழுதினேன். உண்மையில் அது என் வாயைத்தான் அடைத்தது.

இப்போது நடந்ததைக் கேள். உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"அடுத்தவங்க லெட்டரைப் படிக்கலாமாப்பா?"

"என்னைப் பத்தித்தானே எழுதியிருக்கா?" துளையை மூடிக்கொண்டார். "தொட்டிக்குக் கூட்டிட்டுப் போ."

என் மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள். "தொட்டியா? மாமா, உங்களை அங்கேயே புதைக்கவா?"

"அதுக்குத்தானே போறது," என்றார் அப்பா. அவள் சிரிக்கவில்லை. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். தண்ணீரை இடுப்பளவுக்குக் குறைக்க வேண்டும். தொட்டிக்குள் முக்காலி போட்டு அப்பாவை உட்கார வைக்க வேண்டும். கால், இடுப்பு, மார்பு தண்ணீருக்குள். பின்னால் சாய்த்தால் பின்தலையும் காதும் நனையும். முகத்தின் மேல் கையால் தண்ணீரை வழித்துவிடலாம். மோவாய்க்கும் கழுத்தெலும்புக்கும் நடுவே நாலு விரல் இடம் மட்டும் வெளியே நிற்கும். அங்கே சொட்டுகூடப் படக்கூடாது. அவள் சளி உறிஞ்சும் கருவியோடு பக்கத்தில் இருப்பாள். டாக்டர் சம்மதித்தார் என்று சொல்ல முடியாது. "நான் வேண்டாம்னுதான் சொல்வேன். செய்யறதா இருந்தா இப்படிச் செய்யுங்க" என்றாராம்.

தொட்டி உங்கள் சபையில்தான் இருக்கிறது. நாலு விரல் போக மீதி அப்பாவை உன் டீக்கன்கள் ஒத்துக்கொள்வார்களா? கேட்டுச் சொல்.

தம்பி


மார்ச் 4

தம்பிக்கு,

கேட்டேன். சனிக்கிழமை டீக்கன்கள் கூட்டம் முழுக்க அப்பாவின் கழுத்தைப் பற்றித்தான். வெளியாள் யாராவது கேட்டிருந்தால் தையல்காரர்கள் சட்டைக் காலருக்கு அளவெடுக்கிறார்கள் என்று நினைத்திருப்பான்.

விதிமுறை அண்ணனை நினைவிருக்கிறதா? வங்கி அதிகாரி. எழுந்தாலே 'விதிமுறைப்படி' என்று தொடங்குவாரே, அவர்தான். "விதிமுறைப்படி முழுக்குன்னா முழுக்கு. இன்னைக்கு நாலு விரல்னு விட்டா, நாளைக்கு ஒருத்தர் வந்து முழங்காலுக்குக் கீழ போதும்பார்" என்றார்.

குழாய் டீக்கனுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "அண்ணே, அவர் சாக்குச் சொல்ற ஆள் இல்ல. கழுத்துல ஓட்டை போட்ட ஆள்."

"நான் அவரைச் சொல்லல. சபையைச் சொல்றேன்."

"சபைன்னா ஆளுங்கதானே?"

போதகர் மேசையைத் தட்டினார். இது டீக்கன்கள் தீர்மானிக்கிற விஷயம் இல்லை, அங்கத்தினர் எல்லாரும் கூடித்தான் தீர்மானிக்க வேண்டும் என்றார். பதினைந்தாம் தேதி கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள். முதலாவது, அப்பாவை இந்த விதத்தில் ஞானஸ்நானத்துக்கு ஏற்றுக்கொள்வதா. இரண்டாவது, உங்களை அனுப்புவதா. முதலாவதில் வீட்டில் ஊற்றியதை ஞானஸ்நானமாகக் கணக்கில் எடுக்கவில்லை என்றும் எழுதச் சொன்னார்கள். எழுதிவிட்டேன். அப்பா நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும். பிறகு வழக்கப்படி அவரும் வீட்டாரும் வெளியே போய்விட வேண்டும்.

விதிமுறை அண்ணன் கெட்டவர் இல்லை, தம்பி. அவர் பேசும்போது நான் மனதுக்குள் ஆமாம் ஆமாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மாமியாரிடம் நான் சொல்லி வந்ததெல்லாம் அவர் வாயிலிருந்து வந்தது.

நான் எந்தப் பக்கம் கை தூக்குவேன் என்று கேட்காதே. அப்பாவையும் கேட்கவிடாதே. எனக்கே தெரியவில்லை.

அக்கா


மார்ச் 9

அக்கா,

கேட்கவில்லை.

என் பக்க முடிவு இது. அப்பாவின் மகளாக இல்லாமல் செயலாளராகப் படித்துக்கொள். அப்பா பெயரை எங்கள் பட்டியலிலிருந்து இன்றே எடுத்துவிட்டேன். திருத்திய பட்டியல் இதோடு வருகிறது. பதினைந்தாம் தேதி சபை மறுத்தால், நாங்கள் பிற்பாடு தனியாகக் கூடி அவரைச் சேர்க்க மாட்டோம். அப்படி மறுத்தால் தலைமையையும் நான் ஏற்க மாட்டேன். சபையைக் கேட்காமல் ஞானஸ்நானம் கொடுத்தவன் சபையை நடத்தக் கூடாது என்று யாராவது சொன்னால் என்னிடம் மறுப்பு இல்லை. எங்கள் குழுவிலிருக்கும் டயர் கடைக்காரர் நடத்தட்டும். அவருக்குப் பாடத்தான் வராது, மற்றதெல்லாம் வரும். தையல்கார அக்காவிடம் இதைச் சொன்னபோது, "நீ நடத்தாட்டி நான் எதுக்கு வீடு மாத்தினேன்?" என்று அழுதாள். என்ன செய்ய?

அப்பாவிடம், சபை ஒத்துக்கொள்ளாமலும் போகலாம் என்று சொன்னேன். "வாசல்வரைக்கும் வந்து திரும்பிப் போறது எனக்குப் புதுசா?" என்றார். அதற்குப் பிறகு நெடுநேரம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அவர் மறுபடி ஒரு வாசலிலிருந்து திரும்புவதை நான் பார்க்க வேண்டியிருக்குமோ என்பதுதான் என் பயம். வேறு எதற்கும் பயமில்லை.

இந்த வாரம் சளி கொஞ்சம் அதிகம். என் மனைவி அவர் மார்பில் காது வைத்துக் கேட்டபடியே இருக்கிறாள்.

தம்பி


மார்ச் 16

தம்பிக்கு,

நேற்று முடிவை மட்டும் கேட்டுக்கொண்டு அப்பாவைக் கூட்டிப் போய்விட்டீர்கள். நல்லது, அவருக்குக் களைப்பு. நான் வாசலுக்கு வராததற்குக் காரணம் உண்டு. நீங்கள் வெளியே போன பிறகு உள்ளே நடந்தது உனக்குத் தெரிய வேண்டும்.

அப்பா சாட்சி சொன்னபோது நீ பக்கத்தில் இருந்தாய். "என் சம்சாரத்தை வாசல்ல இறக்கிவிட்டுட்டே இருந்தேன். உள்ள பாட்டு நல்லாத்தான் கேட்டுச்சு. நான்தான் வண்டியை ஆஃப் பண்ணல. இப்ப பண்ணிட்டேன்." அவ்வளவுதான். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். ஆனால் கண்ணைத் துடைப்பது வேறு, கை தூக்குவது வேறு. கதவு சாத்தியதும் ஹால் மாறிவிட்டது.

விதிமுறை அண்ணன் முதலில் எழுந்தார். செயலாளரும் வீட்டார்தானே, வெளியே போக வேண்டாமா என்று கேட்டார். அப்புறம் நடவடிக்கைக் குறிப்பை யார் எழுதுவது என்றார் போதகர். இருந்தேன். அதன் பிறகு விதிமுறை அண்ணன் நிதானமாகத்தான் பேசினார். பெரியவருடைய விசுவாசத்தில் தனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் இத்தனை காலம் நாம் திருப்பி அனுப்பியவர்களுக்கு என்ன சொல்வோம் என்றார். யாரும் பின்பெஞ்சைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காததே எல்லாருக்கும் தெரிந்தது. என் பேனா நின்றுவிட்டது.

அப்போது பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. என் மாமியார் எழுந்து நின்றார்.

"எனக்கு ஓட்டு கிடையாதுன்னு தெரியும். பேசலாமா?"

அங்கத்தினர் அல்லாதவர் பேசலாமா என்று போதகர் விதிமுறை அண்ணனைப் பார்த்தார். "பேசக்கூடாதுன்னு விதி இல்ல" என்றார் அவர்.

"எல்லாரும் என்னைப் பாக்காம இருக்கறதுக்குக் கஷ்டப்படறீங்க, அதான் எழுந்துட்டேன்," என்றார் மாமியார். "அந்த மனுஷனையும் என்னையும் ஒரே தராசுல வைக்காதீங்க. அவரால முழுசா முங்க முடியாது. முடிஞ்சமட்டும் முங்கறேன்னு உயிரைக் கையில பிடிச்சுட்டு வராரு. எனக்கு நல்லா முடியும். கழுத்து, காது, எல்லாம் சரியா இருக்கு. நான் மாட்டேன்னு சொல்றேன். முடியாதது வேற, மாட்டேங்கறது வேற. என் மாட்டேனுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். அதை அவர் கழுத்துல கட்டாதீங்க." பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "அதோ உக்காந்திருக்காளே, என் மருமக. வீட்டுக்கு வந்து என் முகத்துல எப்படி முழிக்கறதுன்னு பயந்துட்டு உக்காந்திருக்கா. முழிச்சுக்கோ தாயே. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

போதகர் வாக்குக்கு விட்டார். ஏற்றுக்கொள்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார். கைகள் ஒன்றிரண்டாக எழுந்தன. பிறகு நிறைய. "செயலாளர், எண்ணிச் சொல்லுங்க" என்றார். நான் எண்ணவில்லை. போதகர் மறுபடி கூப்பிட்ட பிறகுதான் பார்த்தேன். என் கையும் மேலே இருந்தது, தம்பி. பேனாவோடு. எண்ண வேண்டியவளே கை தூக்கிவிட்டால் யார் எண்ணுவது? ஹாலில் சிலர் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, எதிரே கைகளின் வரிசைகள் கண்ணில் கலங்கிப்போயின. விதிமுறை அண்ணன் தன் கையைத் தூக்காமலே எழுந்து வந்தார். என்னிடமிருந்து தாளை வாங்கி, ஒவ்வொரு பெஞ்சாக நடந்து, ஒரு கையும் விடாமல் எண்ணி, "நிறைவேறியது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது தீர்மானத்துக்கு, உங்களை அனுப்புவதற்கு, முதல் கை அவருடையதுதான். 'சபையைக் கேட்டுச் செய்யும்படி குழுத் தலைவருக்கு அறிவுரை கூறப்பட்டது' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்துவிட்டேன். எனக்கும் அதில் சம்மதம்.

வரும் வழியில் மாமியாரிடம் நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். "இதைச் சாக்கா வச்சு என்னைத் தொட்டியில தள்ளலாம்னு கனவு காணாதே" என்றார். நான் கனவு காணத்தான் செய்வேன். அதையும் அவரிடம் சொன்னேன். "காணு" என்றார்.

இனி வேலையைப் பார்ப்போம். அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிடுங்கள். குழாய் டீக்கன் தண்ணீரை வெதுவெதுப்பாக வைப்பார். முக்காலிக்கு அடியில் வழுக்காமல் இருக்க ரப்பர் பொருத்துகிறார். உன் மனைவியின் கருவிக்குத் தொட்டி ஓரத்தில் மின்சார இணைப்பு வேண்டுமா என்று கேட்டுச் சொல். நீ ஒரு பக்கம், போதகர் ஒரு பக்கம். கழுத்துக்கு நேரே தண்ணீர் அலை வராமல் தடுக்க ஒருவர் தொட்டிக்குள் நிற்க வேண்டும் என்று அவள் சொல்லி அனுப்பியிருந்தாள். நான் இறங்குகிறேன். வேறு யாரையும் ஏற்பாடு செய்யாதே. அந்த நாலு விரல் இடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். சளி குறையவில்லை என்றால் மட்டும் தள்ளிப் போடுவோம். அதில் அவர் பேச்சைக் கேட்காதே.

அன்றைக்கே உங்களை அனுப்பும் கடிதத்தையும் சபையார் முன்னால் வாசிக்க வேண்டும். நேற்று இரவே எழுத உட்கார்ந்தேன். உன் பெயர், உன் மனைவி, டயர் கடைக்காரர், தையல்கார அக்கா, மற்றவர்கள் எல்லாரையும் எழுதியாகிவிட்டது. கடைசியில் ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். அப்பா தண்ணீரை விட்டு மேலே ஏறி, துண்டை வாங்கித் துடைத்துக்கொண்ட பிறகுதான் அதை நிரப்புவேன். அதற்கு ஒரு நிமிஷம் முன்னாலும் எழுத மாட்டேன். நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரித்துக்கொள்.

பேனாவை மட்டும் நனையாத இடத்தில் வைத்திரு. ஈரக் கையோடு நான் தேட முடியாது.

அக்கா